சிரட்டையை மாற்றியவள்

என் இஞ்சாருங்கோவுக்கு,

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் என்னைக் கூப்பிட்டதில்லை. குசினியிலிருந்து "இஞ்சாருங்கோ" என்றால் நீங்கள் வருவீர்கள். மில்லிலிருந்து "இஞ்சாரும்" என்று குரல் வந்தால் நான் வருவேன். இப்போது போய்ப் பெயர் போட்டு எழுதினால் யாரோ மூன்றாம் ஆளுக்கு எழுதுவது போல இருக்கும். பழையபடியே கூப்பிடுகிறேன், கேட்டுக்கொண்டிருங்கள்.

உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. நீங்கள் போய் ஒரு வருடம். நினைவு மலர் அடிக்க வேண்டுமே என்று அச்சகக்காரர் போன் எடுத்தார்.

"அக்கா, அந்தியேட்டிக்கு அடிச்ச கல்வெட்டில இருந்த மனைவி புலம்பலையே திருப்பிப் போடட்டோ? வேற பாட்டும் கைவசம் இருக்கு."

அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த அந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில் நான் ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருக்கிறேன். விதி வந்து உங்களைப் பறித்ததாம். நான் கொழுகொம்பு இழந்த கொடியாம். அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. எல்லா மனைவிமாருக்கும் அந்த அச்சகத்தில் ஒரே புலம்பல்தான், கணவர் பெயர் வரும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்கள்.

"புலம்பல் வேண்டாம். நான் ஒரு கடிதம் எழுதித் தாறன், அதைப் போடுங்கோ" என்றேன்.

"செத்த ஆளுக்கோ அக்கா?"

"ஓம். உயிரோட இருக்கிற ஆக்கள் வாசிக்கட்டும்."

வாசிக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் திவசத்தன்று முதல் பந்தியில் இருப்பார்கள். அவர்கள் அச்சடித்தது விதி பறித்தது என்று. வாயால் சொன்னது நான்தான் பறித்தேன் என்று. இரண்டில் எது உண்மை என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது.

முதலில் வீட்டுப் புதினம் சொல்கிறேன். மில் ஓடுகிறது. பெல்ட் புதிதாகப் போட்டிருக்கிறேன். மிளகாய்த்தூள் அரைக்கும் நாளில் இன்னமும் நான்தான் முதலில் தும்முகிறேன். ஆரையாவது சம்பளத்துக்குப் போட்டு நடத்துங்கோ, பொம்பிளைக்கு இது சரிவராது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் சிலர் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு புளியங்குளத்துக்குப் போனார்கள். அங்கே அரைத்த மாவில் இடியப்பம் பிழிய வரவில்லையாம். இப்போது ஒன்றுமே நடவாதது போல வந்து வரிசையில் நிற்கிறார்கள். நானும் ஒன்றுமே நடவாதது போல அரைத்துக் கொடுக்கிறேன், உங்களுக்காக.

உங்கள் மூன்று தேங்காய்ச் சிரட்டைகளும் மேசையில் கவிழ்த்தபடி இருக்கின்றன. புளியங்கொட்டையை மட்டும் எலி கொண்டுபோய்விட்டது. வேறொன்று வைத்திருக்கிறேன்.

எங்கேயோ ஒரு வாரப் பத்திரிகையின் மூலையில் அந்தக் கணக்கைக் கண்ட நாளிலிருந்து உங்களுக்குப் பிடித்த பைத்தியம் சாகும்வரை தெளியவில்லை. மா அரைக்க வந்த ஒருவரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. மூன்று சிரட்டை, ஒன்றுக்குள் நீங்கள் ஒளித்த ஒரு கொட்டை. வந்தவர் ஒரு சிரட்டையைத் தொடவேண்டும். தொட்டதை நீங்கள் திறக்கமாட்டீர்கள். தொடாத இரண்டில் வெறுமையான ஒன்றைப் பார்த்து நிமிர்த்திக் காட்டுவீர்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் கேள்வி வரும்.

"நிக்கிறீரோ, மாறுறீரோ?"

முதலில் தொட்டதோடு நிற்கலாம், அல்லது மிஞ்சியிருக்கும் மற்றச் சிரட்டைக்கு மாறலாம். ஊரில் ஒருவரும் மாறமாட்டார்கள். நானும் மாறியதில்லை.

"ரெண்டு சிரட்டை மிச்சம், ஒரு கொட்டை. பாதிக்குப் பாதிதானே? பிறகென்னத்துக்கு மாறுவான்?"

"இல்லையப்பா. நிண்டா மூண்டில ஒண்டு. மாறினா மூண்டில ரெண்டு."

"உங்கட தலை."

எத்தனை வருடச் சண்டை அது! சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து நீங்கள் விளக்குவீர்கள். "நூறு சிரட்டை எண்டு நினையும்" என்று தொடங்குவீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அரைமுறித் தேங்காயில் கறியை முடிக்கிற வீட்டில் நூறு சிரட்டைக்கு எங்கே போவது? "நான் பாத்துத்தான் திறக்கிறன், கண்ணை மூடிக்கொண்டு திறக்கேல்லை" என்று நீங்கள் கத்துவீர்கள். பார்த்துத் திறந்தால் என்ன, பாராமல் திறந்தால் என்ன, மிச்சம் இரண்டுதானே என்று நானும் கத்துவேன். அயலட்டைக்கு நாங்கள் காணிச் சண்டை பிடிக்கிறோம் என்றுகூட ஒரு கதை இருந்தது.

ஒன்றை மட்டும் அப்போதே கவனித்திருக்கிறேன். தொட்டதோடு நின்று தோற்றவர்கள் சிரித்துக்கொண்டு மாவை வாங்கிப் போவார்கள். உங்கள் கரைச்சல் தாங்காமல் மாறி, மாறியதால் தோற்ற ஒரு கிழவர் மட்டும் "கையில இருந்ததைப் பறிச்சுப்போட்டாய்" என்று உங்களோடு ஒரு மாரி முழுக்கக் கதைக்கவில்லை. தோல்வி ஒன்றுதான். ஏன் ஒருவருக்கு மட்டும் அப்படி எரிந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

பிறகு யோசிக்க வேண்டி வந்தது.

நெஞ்சைப் பொத்திக்கொண்டு மில் வாசலில் குந்தியிருந்தீர்கள். முதலில் கொண்டுபோன ஆசுப்பத்திரியில் மருந்து ஏற்றிப் படுக்கவைத்தார்கள். பெரியாசுப்பத்திரிக்கு மாற்றுவதா, அங்கேயே வைத்திருப்பதா என்று உங்கள் ஆட்கள் விறாந்தையில் நின்று கதைத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் உங்கள் தங்கச்சியும் செய்தாள். அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தாள். ஒரு வாழையிலைத் துண்டுக்குள் செவ்வரத்தம்பூ, மற்றதுக்குள் நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் மாற்றுவது, வெள்ளை வந்தால் வைத்திருப்பது. சந்நிதியில் வைத்துக் கும்பிட்டு, அங்கே நின்ற ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பித்தாள். வெள்ளை வந்தது.

அதற்குப் பிறகுதான் உங்கள் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்த டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்தார். "அம்மா, இப்பிடியான ஆக்களை மருந்தோட மட்டும் வைச்சிருந்தா மூண்டு பேரில ஒராள்தான் தப்புவார். அனுப்பி ஒப்பரேசன் செய்தா மூண்டு பேரில ரெண்டு பேர் தப்புவினம். முடிவு உங்கட கையில."

மூன்று என்ற சொல் காதில் விழுந்ததும், மூக்கில் குழாயோடு, நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே! அந்த நேரத்தில் எந்த மனிசன் சிரிப்பான்?

"இஞ்சாரும், நிக்கிறீரோ, மாறுறீரோ?"

"இது சிரட்டையில்லை."

"தெரியும். அதுதான் உம்மைக் கேக்கிறன்."

"மாறுவம்."

"அப்ப ஒத்துக்கொண்டீரோ?"

"ஒண்டும் ஒத்துக்கொள்ளேல்லை. முதல் எழும்பி வாங்கோ, பிறகு சண்டை பிடிப்பம்."

அம்புலன்ஸ் வந்தது. கையெழுத்து நான் வைத்தேன். நீங்கள் எழும்பி வரவில்லை.

செத்தவீட்டில் வந்த பெண்களெல்லாம் என் கழுத்தைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். உங்கள் தங்கச்சி மட்டும் தள்ளி நின்றாள். ஒப்பாரிக்கு நடுவில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "அம்மன் வேண்டாமெண்டு சொல்லியும் மாத்தினவ. மாத்தாம விட்டிருந்தா என்ர அண்ணை இண்டைக்கும் மில்லில இருந்திருப்பார்."

மாத்தினவ. அன்றிலிருந்து உங்கள் ஆட்களிடம் எனக்கு அதுதான் பெயர். கோயிலில், சந்தையில், கலியாண வீட்டில், நான் போன பிறகு அந்தச் சொல் என் முதுகுக்குப் பின்னால் வரும். முகத்துக்கு முன்னால் சொல்லும் துணிவு உங்கள் தங்கச்சியைத் தவிர ஒருவருக்கும் இருக்கவில்லை. அந்த வகையில் அவளில் எனக்கு ஒரு மரியாதைகூட இருந்தது.

நான் எல்லோரையும் ஒன்று கேட்கிறேன். உங்களை அங்கேயே வைத்திருந்து, நீங்கள் அங்கேயே கண்ணை மூடியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? விதி என்றிருப்பார்கள். அச்சகக்காரரின் பாட்டும் அச்சொட்டாகப் பொருந்தியிருக்கும். இருந்த இடத்தில் செத்தால் விதி, மாற்றிச் செத்தால் மனிசி. இது எந்த ஊர் நியாயம்?

ஆனால் உங்களுக்குப் பொய் சொல்ல முடியாது. சாமம் சாமமாக நானும் என்னைக் கேட்டிருக்கிறேன், மாற்றாமல் விட்டிருந்தால் என்று. அந்தக் கிழவரின் எரிவு என் வயிற்றிலும் எரிந்தது. ஊர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் நம்பாதவளுக்கும் எரிந்ததே, அதற்கு என்ன செய்வது?

இனித்தான் புதினம். உங்கள் தங்கச்சி மில்லுக்கு வந்தாள்.

ஒரு வருடமாக எட்டிப் பார்க்காதவள் அரிசிப் பையோடு வந்து வரிசையில் கடைசியாக நின்றாள். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் போகும்வரை நின்றாள். பையை வாங்கிக் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்த அரிசி. ஊறப்போடாத அரிசியில் இடியப்ப மா அரைக்க வருகிற ஆளா அவள்? அப்போதே தெரிந்துவிட்டது, வந்தது மாவுக்கு இல்லை.

"மச்சாள், மார்பில ஒரு கட்டி" என்றாள்.

நான் மெசினை நிற்பாட்டினேன்.

"கிளினிக்கில ஊசியால குத்திப் பாத்தவை. பெரியாசுப்பத்திரிக்குப் போய் வெட்டி எடுக்கோணுமாம். இப்பவே வெட்டினா சுகப்படுற ஆக்கள்தான் கூடவாம். விட்டா, தப்புற ஆக்கள் குறைவாம்."

"எப்ப போறீர்?"

"போகமாட்டன். அண்ணை போனவர். திரும்பி வந்தவரோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு மெசினைத் திரும்பவும் ஓடவிட்டேன், வெறும் மெசினை. அது கத்தியது. நான் கத்த வேண்டியதை எல்லாம் அதுவே கத்தட்டும் என்று விட்டேன். என்னைக் கொலைகாரி என்று ஊர் முழுக்கச் சொன்னவள், அந்தச் சொல்லை நம்பி இப்போது தன்னையே சாகக் கொடுக்கப் பார்க்கிறாள். அவளில் இருந்த கோபம் போய், அவளுக்காகக் கோபம் வந்தது. அது வேறு மாதிரிக் கோபம். மெசினை நிற்பாட்டிவிட்டு உங்கள் கதிரையில் இருந்து சிரட்டைகளை இழுத்தேன்.

"இரும்" என்றேன். "ஒண்டைத் தொடும்."

"இதென்ன பைத்தியம் மச்சாள்? அண்ணையின்ர விளையாட்டோ?"

"ஓம். அண்ணையின்ர விளையாட்டுத்தான். தொடும்."

அவள் இடது பக்கச் சிரட்டையைத் தொட்டாள். கொட்டையை நான் ஒளித்தது நடுச் சிரட்டையில். மற்ற இரண்டில் வெறும் ஒன்றைத் திறந்து காட்டக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

நடுச் சிரட்டையைத் திறக்க முடியாதே! அங்கே கொட்டை இருக்கிறது. வலது பக்கத்தை மட்டும்தான் திறக்கலாம், எனக்கு வேறு வழியில்லை. வலது பக்கத்தைத் திறந்தால், மிஞ்சுவது கொட்டை இருக்கும் சிரட்டை. அவள் பிழையாகத் தொட்டபடியால், சரியானதை நானே விட்டுவைக்கவேண்டி வந்தது. முதலில் தொடுகிறவர் மூன்றில் இரண்டு தரம் பிழையாகத்தானே தொடுவார்? அந்த இரண்டு தரமும் ஒளிப்பவரின் கை கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அந்த இரண்டு தரமும் மாறினவருக்குத்தான் கொட்டை. சரியாகத் தொட்ட ஒரு தரம் மட்டும்தான் மாறினவர் தோற்பார்.

பார்த்துத் திறக்கிறேன், பார்த்துத் திறக்கிறேன் என்று நீங்கள் கத்தியது இதைத்தானா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் ஒன்றைத் திறந்து காட்டிய பிறகும், ஒன்றும் தெரியாமல் தொட்டதையே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மடைத்தனம். பாதிக்குப் பாதி இல்லைத்தான். நீங்கள் சொன்னதுதான் சரி.

ஆனால் கேளுங்கள், சொல்லித் தந்த விதம் முழுப் பிழை. இத்தனை வருடமும் ஒளித்தவர் நீங்கள், தொட்டவள் நான். நூறு சிரட்டை என்று வாய் ஓயக் கதைத்த மனிசன், "இஞ்சாரும், இஞ்சால வந்து நீர் ஒருக்கால் ஒளியும்" என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கும். உங்கள் கதிரையில் நான் இருப்பதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்ததா?

அதையெல்லாம் தங்கச்சிக்கு ஒளிக்கும் பக்கத்திலிருந்து காட்டினேன். அவள் என்னைப் போல இல்லை, கெதியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளைத் தொடவைத்தேன். தொட்டாள். ஒன்றைத் திறந்தேன். "மாறுறன்" என்றாள். மாறினாள்.

கொட்டை அங்கே இல்லை. அவள் முதலில் தொட்டதில்தான் இருந்தது.

அவள் முகம் கறுத்துப்போனது. "பாத்தீங்களே மச்சாள்? மாறினன், இல்லை. அண்ணைக்கு நடந்ததுதான்."

"ஓம்" என்றேன். "இதுதான் அண்ணைக்கு நடந்தது. மூண்டில ரெண்டு பேர் தப்புவினம் எண்டா, ஒராள் தப்பமாட்டார் எண்டும்தானே கதை? அந்த ஒராள் என்ர மனிசன். அதுக்காக மாறினது பிழையெண்டு ஆகாது. நிண்டிருந்தா மூண்டில ரெண்டு பேர் செத்திருப்பினம். அதை ஆரும் எனக்குச் சொல்லேல்லை. நீரும் சொல்லேல்லை."

சொல்லி முடிக்க முதல் எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. அவள் கட்டிப்பிடிக்கவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினாள்.

"திருப்பி ஒளியுங்கோ" என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் றோட்டால் போகும்வரை ஒளித்தேன். அவள் ஒவ்வொரு தரமும் மாறினாள். தோற்றதும் உண்டு, வென்றதுதான் கூட. சிரட்டையை எத்தனை தரமும் திருப்பி வைக்கலாம். உங்களை ஒரு தரம்தானே வைக்க முடிந்தது! அந்த ஒரு தரத்தில் இழந்துபோனேன். அதுதான் துக்கம். அது துக்கம் மட்டும்தான், குற்றமில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

போகும்போது வாசலில் நின்று, "எதுக்கும் ஒருக்கால் பூக்கட்டிப் பாக்கிறன் மச்சாள்" என்றாள்.

"கட்டும். அம்மனிட்டக் கேக்கிறதில என்ன பிழை? ஆனா அண்ணைக்குக் கட்டினது படம் எடுக்க முன்னம். தெரியாத நேரத்தில கேட்டதுக்கு அவ பதில் சொன்னவ. பிறகு டொக்டர் உள்ளுக்குப் பாத்துச் சிரட்டையைத் திறந்து காட்டினவர். அதையும் அவவிட்டச் சொல்லிப்போட்டுக் கேளும்."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து நேரே மில்லுக்கு வந்தாள். நெற்றியில் திருநீறு காயவில்லை. கையில் அரிசிப் பை, இந்த முறை ஊறி வடிந்த அரிசி.

"கட்டினன்" என்றாள்.

"என்ன வந்தது?"

"வெள்ளை."

அம்மாளாச்சி, உனக்கும் எனக்கும் என்ன பகை என்று மனதுக்குள் கேட்டேன். அரிசியைக் கொட்டினேன், அரைத்தேன், மாவை அரித்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போகவில்லை.

"மச்சாள், எங்கட அவர் கட்டாரில வேலையில நிக்கிறார். ஒப்பரேசனுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது? நீங்கள் வைப்பீங்களோ?"

"அப்ப அம்மன் சொன்னது?" என்றேன்.

"அம்மனிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். 'தாயே, கோவியாதை, நான் மாறுறன்' எண்டு."

இப்போது சொல்லுங்கள், உங்கள் விளையாட்டை இந்த ஊரில் உங்களைவிட நன்றாக விளையாடியது யார்?

திவசம் முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். அவள் சுகமாகித் திரும்பி வந்தால் அம்மன்தான் காப்பாற்றினவ என்பார்கள். சொல்லட்டும், நானும் சேர்ந்து பொங்குவேன். வராவிட்டால் மறுபடியும் நான்தான் மாத்தினவ. அதையும் சொல்லட்டும். முதல் பந்தியில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்: அந்தக் கையெழுத்தும் என்னுடையதுதான். தேடித் திரிய வேண்டாம்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். படையலில் உங்களுக்குப் பிடித்த பயற்றம் பணியாரத்தோடு மூன்று சிரட்டையையும் வைப்பேன். மில் மேசையில் அவை இனியும் இருக்கும். மா அரைக்க வருகிற ஒவ்வொருவரையும் இனி நான் பிடிப்பேன், ஆனால் தொடவைக்க மாட்டேன், ஒளிக்கவைப்பேன்.

நீங்கள் மறுபடி அந்தக் கட்டிலில் கிடந்து, முடிவு என்னவென்று தெரியாத அதே காலையில், நிக்கிறீரோ மாறுறீரோ என்று கேட்டால், மாறுவேன். ஓம், ஒத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் முன்னால், அச்சில் ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். இனி நீங்கள் எழும்பி வாருங்கள், சண்டை பிடிப்பம்.

கையெழுத்து வைத்த உங்கள் மனிசி,
இஞ்சாரும்